நாலு பேருக்குக் கேட்கும்படி மறப்பவர்

எதையாவது மறந்துவிட்டால் அதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் சுலோசனாவுக்கு இல்லை. புத்தூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்பவளின் எதிரே நின்று, நெற்றியில் ஒரு தட்டுத் தட்டி, "இன்னாத்துக்கு வந்தேன்னே மறந்துட்டேன் பாரு" என்று நாலு கடைக்குக் கேட்கும்படி அறிவிப்பார். "எங்கிட்ட வந்துட்டு வேற இன்னாத்துக்கு வருவ, கத்திரிக்காவுக்குத்தான்" என்பாள் அவள். "அது தெரியும்டி, அரை கிலோவா ஒரு கிலோவான்னுதான் மறந்துட்டேன்" என்பார் இவர். பக்கத்துத் தேங்காய்க் கடைக்காரர் சிரிப்பார். அன்றைய மறதி ஊரில் பதிவாகிவிட்டது.

வாங்க வேண்டிய ஒவ்வொன்றுக்கும் முந்தானையில் ஒரு முடிச்சு போட்டுக்கொண்டுதான் வீட்டைவிட்டுக் கிளம்புவார். திரும்பி வந்து ஒவ்வொன்றாக அவிழ்ப்பார். எப்போதும் ஒன்று மிஞ்சும். எதற்குப் போட்டது என்று தெரியாது. அந்த முடிச்சோடேயே படுத்துத் தூங்கி, மறுநாள் பல் துலக்கும்போது வாயில் நுரையோடு "பெருங்காயம்" என்பார். ஆட்களின் பெயரும் அவருக்கு இப்படித்தான் வந்து சேரும். தெருவில் எதிரே வந்தவரிடம் பிள்ளைகுட்டி, மாடுகன்று, மழை எல்லாம் விசாரித்து அனுப்பிவிட்டு, அந்த மனிதர் பேர் என்ன என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வருவார். சமையலறைக்குள் நுழைந்து அரிசி களையும்போது "தமிழ்ச்செல்வன்" என்று கத்துவார். கேட்பதற்குக் குக்கர் மட்டும்தான் இருக்கும்.

வயது அறுபத்தாறு. குட்டையான உருவம், வேகமான நடை. மூக்குக் கண்ணாடி அடிக்கடி தொலைகிறது என்று மருமகள் ரேகா அதற்கு ஒரு கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டாள். அது முதல் கண்ணாடி தொலைவதில்லை, கயிறுதான் தொலைகிறது.

மகன் கிரண்குமாருக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. கம்பெனி பஸ்ஸில் போகவர நேரம் நிறைய. அந்த நேரத்தில் போனில் வைத்தியம் படித்துவிட்டார். மறதி நோய்க்கு என்னென்ன அறிகுறி என்று ஒரு வீடியோ சொன்னதில் பாதிக்கு மேல் அம்மாவுக்கு இருப்பதாகக் கண்டுபிடித்து, மீதிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். தினம் காலையில் ஊறவைத்த பாதாம், ராத்திரி வல்லாரை மாத்திரை. "துன்னும்மா, மூளைக்கு நல்லது" என்று பக்கத்தில் நின்று விழுங்கவைப்பார். சுலோசனா பாதாமை விழுங்குவார். மாத்திரையை மறந்துவிடுவார்.

கணவர் கன்னையாவுக்கு எழுபத்தொன்று. கல்யாணத் தரகர். ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்தில் தலைமுறைகளாகப் பயிர் வைத்து வாழும் தமிழ்க் குடும்பங்களில் பாதித் தாலி அவர் பேச்சில் ஏறியது. இப்போது பெண்ணும் பிள்ளையும் ஸ்ரீ சிட்டியில் ஒரே ஷிப்டில் வேலை செய்கிறார்கள், போனிலேயே வரன் பார்க்கிறார்கள். போனில் உயரம் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, முட்டை சாப்பிடுவாரா மாட்டாரா என்பது வரைக்கும் இருக்கிறது. இரண்டு வீடும் மாமன் மச்சான் முறையா, பங்காளியா என்பது மட்டும் இல்லை. ஒரே குலசாமியைக் கும்பிடும் வீடுகள் பங்காளி வீடுகள், அண்ணன் தம்பி வகை. அதற்குள் பெண் கொடுத்து எடுக்கக் கூடாது. அஞ்சு தலைமுறைக்கு முன்னால் ஏதோ ஒரு ஏரிக்கரையில் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்துபோன அண்ணன் தம்பியைப் போனுக்குத் தெரியாது, கன்னையாவுக்குத் தெரியும். "தாராளமா குடு, மொறதான்" என்று அவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் விசாரணை கிடையாது. எதையும் எழுதி வைத்துக்கொள்ளவும் மாட்டார். "எய்தி வச்சா கரையான் துன்னும். இங்க வச்சா எவன் துன்னுவான்" என்று நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டுவார்.

மனைவியின் மறதியில் ஊரைவிட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். சாயங்காலக் காப்பிக்கு உட்கார்ந்ததும் பரீட்சை ஆரம்பமாகும். "சுலோ, இன்னிக்கி இன்னா கெழம?" என்பார். புதன்கிழமையன்று வியாழன் என்று பதில் வரும். "எலும்பு முறிஞ்சா நாலு ஸ்டேட்டுக்காரனும் நம்ம புத்தூருக்கு வரான். ஒனக்கு மண்டைக்குக் கட்டுப் போட எவனும் இல்லியே" என்பார். ரேகா உள்ளேயிருந்து சிரிப்பாள். வியாழன் என்று சொன்னவருக்கு அன்று புதன் என்பது நன்றாகத் தெரியும். புதன்கிழமை வரும் கீரைக்காரியிடம் காலையில்தான் பேரம் பேசி வாங்கியிருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஊர் கேட்கச் சுலோசனா மறந்த மறதியெல்லாம் அவருடையது அல்ல. முந்தானை முடிச்சும் பெருங்காயமும் அவருடையவை. மீதி, இரவல்.

கன்னையா காப்பியை வாயில் வைத்தபடி, தமிழ்ச்செல்வன் வீட்டு வளைகாப்பு என்றைக்கு என்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமை என்பார் சுலோசனா. தம்ளர் பாதியாவதற்குள் அதே கேள்வி மறுபடி வரும், அதே குரலில், புதுக் கேள்வியாக. தம்ளரைக் கீழே வைக்கும்போது இன்னொரு தடவை. "எனுக்கு ஏன் சொல்லல?" என்று கோபத்தோடு கேட்பார். "ஒங்ககிட்ட சொல்ல மறந்துட்டேங்க" என்று சுலோசனா ரேகாவுக்குக் கேட்கும்படி சொல்வார். ஒரு நாள் காலையில் கன்னையா டீ போட எழுந்தார். அவர் டீ நன்றாகவே போடுவார். சுலோசனா போய்ப் பார்த்தபோது பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. அவர் ஒரு கையில் தூள் டப்பாவும் இன்னொரு கையில் வடிகட்டியுமாக நின்றிருந்தார். வடிகட்டியைத் தூக்கிக் காட்டி, "இத இன்னா பண்றது?" என்றார். வெட்கமில்லை, பதற்றமில்லை. பக்கத்து வீட்டுச் சாமானைப் பற்றி விசாரிப்பதுபோல விசாரித்தார். சுலோசனா அதை வாங்கி வைத்துவிட்டு, "அடுப்ப ஏத்தி வச்சிட்டு மறந்துட்டேன் பாரு" என்று சத்தம் போட்டார். "அத்தே, இன்னிக்குமா?" என்று உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது.

பேர் தாமதமாக வருவது ஒன்று. சொன்ன சேதி, வந்த சுவடே இல்லாமல் போவது வேறு. முதலாவதில் சரக்கு உள்ளே இருக்கிறது, எடுத்துக் கொடுக்கிற ஆள்தான் கொஞ்சம் மெத்தனம். இரண்டாவதில் சரக்கே வந்து இறங்கவில்லை. ஆனால் ஊர் இப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஊருக்குத் தெரிந்தது சத்தம்தான். தடுமாறி, தேடி, தலையில் அடித்துக்கொள்பவருக்கு நோய். தடுமாற்றமே இல்லாமல் மறப்பவர் கம்பீரமாக இருக்கிறார்.

கன்னையாவின் கம்பீரத்துக்கு வேறு துணைகளும் இருந்தன. எண்பத்தெட்டில் நடந்த ஒரு கல்யாணத்தில் மழை வந்து பந்தி கலைந்தது, சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது, மாப்பிள்ளையின் செருப்பை யார் ஒளித்து வைத்தார்கள் என்பது வரைக்கும் ஒரு எழுத்து பிசகாமல் சொல்வார். "நைனாவுக்கு இருக்கற ஞாபக சக்தி எங்க கம்பெனி சர்வருக்குக்கூட இல்ல" என்பார் கிரண்குமார். எண்பத்தெட்டின் சாம்பார் அப்படியே இருந்தது. இன்று காலைச் சாம்பார்தான் காணாமல் போயிருந்தது. தவிர, அவர் வேடிக்கைக்காரர் என்று பேர் வாங்கியவர். நகரி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு நகரிக்கு எப்போது பஸ் என்று அவர் கேட்டபோது டீக்கடையே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அவர் எதற்குச் சிரித்தார் என்று கேட்க அங்கே சுலோசனா இல்லை. சேதி வீட்டுக்கு வந்தபோது, எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, சுலோசனா மட்டும் முந்தானையில் ஒரு முடிச்சு போட்டுக்கொண்டார். அதை அவிழ்க்கவில்லை.

யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. தரகருக்கு நிலம் இல்லை, கடை இல்லை, வாக்குத்தான். அந்த வாக்கில் ஓட்டை என்று தெரிந்தால் இனி வருகிற கல்யாணம் நிற்கும், அதுகூடப் பரவாயில்லை. ஆகிப்போன கல்யாணங்கள் இருக்கின்றனவே. புருஷன் பெண்டாட்டி சண்டை வந்த ஒவ்வொரு வீட்டிலும், "அந்தாளுக்கு அப்பவே மண்ட கலங்கியிருக்கும்" என்று ஆரம்பிப்பார்கள். இரண்டு பிள்ளை பெற்ற பிறகு முறையைத் தோண்டிப் பார்ப்பார்கள். நாற்பது வருஷத்துத் தாலிகள் எல்லாம் மறுவிசாரணைக்கு வரும். அதற்குத் தன் மண்டையைக் கொடுத்துவிடலாம் என்று சுலோசனா கணக்குப் போட்டார். அவர் மண்டைக்கு ஏற்கெனவே மதிப்புக் குறைவு.

கணக்கு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, நகரி பத்மினி வீட்டு விஷயம் வரும்வரை.

பத்மினி புருஷனை இழந்தவர். ஒரே பெண் பிரித்திகா, ஸ்ரீ சிட்டியில் வேலை. சத்தியவேட்டுப் பக்கத்துப் பிள்ளை யோகேஷும் அங்கேதான். கன்னையா நகரிக்குப் போய், பத்மினி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, முறைதான், தாராளமாகக் கொடு என்றார். பூ வைக்க நாள் குறித்தார்கள். பையனும் பெண்ணும் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். பூ வைக்கிற அன்று, தட்டெல்லாம் வரிசையாக வைத்த பிறகு, மாப்பிள்ளை வீட்டோடு வந்த பல்லில்லாத பெரியம்மா ஒருவர் சும்மா பேச்சுக்கு, உங்களுக்கு எந்தச் சாமி என்று கேட்டார். கன்னையா வாக்குச் சொன்ன இடத்தில் யாரும் கேட்காத கேள்வி. நாகலாபுரம் பக்கத்துப் பொன்னியம்மன் என்றார் பத்மினி. பெரியம்மா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். அவர்களுக்கும் அதே பொன்னியம்மன்.

தட்டுகள் வந்த வழியே திரும்பிப் போயின. நேற்றுவரை மாப்பிள்ளை பெண், இன்று அண்ணன் தங்கை. இரண்டு பேரும் ஒரே கம்பெனி பஸ். பிரித்திகா ஷிப்ட் மாற்றிக் கேட்டிருக்கிறாள், கிடைக்கும்வரை லீவு. தெரிந்தே மறைத்தார்கள் என்று சத்தியவேட்டில் பத்மினியின் பேர் அடிபட்டது.

பத்மினி புத்தூருக்கு வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார். கன்னையா அவரை மலர்ந்த முகத்தோடு வரவேற்று, உங்கள் வீட்டுப் பக்கம் வந்தே ஒரு வருஷமாச்சு, பெண்ணுக்கு ஏதாவது பார்க்கட்டுமா என்றார்.

"எங்க வூட்ல ஒக்காந்து மோர் குடிச்சிட்டு, குடுன்னு சொல்லல நீ?"

"சொல்லலம்மா. அவுங்களும் நீங்களும் பங்காளிங்க. நான் எப்டிச் சொல்லுவேன்?"

அதுதான் விஷயம். பங்காளி என்பது, அன்று எப்படி நழுவியதோ, அவருக்கு இப்போது தெரிந்திருந்தது. மோர்தான் தெரியவில்லை.

சுலோசனா இடையில் புகுந்து, நான்தான் போனில் ஏதோ உளறியிருப்பேன், எனக்குத்தான் மறதி என்று ஊருக்கே தெரியுமே என்றார். "நீ நடுவுல வராத அண்ணி. மோர் நீ குடிக்கல" என்றார் பத்மினி. பிறகு கன்னையாவைப் பார்த்து, "காணிப்பாக்கத்துல வந்து சொல்லு. ஈரத்துணியோட நின்னு சொல்லு" என்றார்.

சித்தூர்ப் பக்கத்தில் இதற்கு மேல் கோர்ட் இல்லை. காணிப்பாக்கத்துக் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு வரசித்தி விநாயகர் எதிரே நின்று ஒருவர் சத்தியம் செய்தால் அதோடு வழக்கு முடிந்தது. பொய்யென்றால் மீதியைச் சாமி பார்த்துக்கொள்ளும். திருடினவர்கள், குடியை விட்டதாகச் சொல்பவர்கள், பங்கில் ஏமாற்றியவர்கள் எல்லாரும் பாதி வழியிலேயே உண்மையைக் கக்கிவிடுவது வழக்கம். கன்னையா, "நாளைக்கே வரேன்" என்றார். குற்றமற்றவனின் சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. பொய்ச் சத்தியத்துக்கு இவ்வளவு சுத்தமான மனத்தோடு காணிப்பாக்கம் கிளம்பியவர் அவருக்கு முன்னால் இருந்திருக்க மாட்டார். நல்ல நாள் பார்த்து, பத்து நாள் தள்ளி வைத்தார்கள்.

அந்த இடைவெளியில் கிரண்குமார் திருப்பதியில் ஒரு டாக்டரம்மாவிடம் அம்மாவுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருந்தார். மறுப்பார் என்று எதிர்பார்த்த அம்மா உடனே சரி என்றார். "ஒங்க நைனா தொணைக்கு வரட்டும். எனுக்கு வழி மறந்துடும்" என்றார்.

டாக்டர் ஷோபாவுக்கு மருத்துவமனைக்காரர்களின் அவசரம் இல்லை. எலுமிச்சை, சாவி, யானை என்று மூன்று வார்த்தை சொல்லி, அப்புறம் கேட்பேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு வீட்டு வேலை, சமையல் என்று பேச்சை மாற்றினார். மறதி இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றார் சுலோசனா.

"குழம்பு தாளிக்க மறந்துட்டா எப்ப தெரியும்மா?"

"துன்னும்போது தெரியும்."

"தெரிஞ்சா?"

"இன்னா பண்றது, திட்டிக்கினே எழுந்து போயி தாளிச்சிக் கொட்டுவேன்."

டாக்டர் சிரித்துவிட்டு மூன்று வார்த்தைகளைக் கேட்டார். எலுமிச்சை வந்தது, யானை வந்தது, நடுவில் இருந்தது வரவில்லை. சுலோசனா சேலைத் தலைப்பைத் தேடினார். முடிச்சு போட்டுக்கொள்ளாததற்குத் தன்னைத் திட்டிக்கொண்டார். டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதுக்கு உள்ளதுதான், தேடுகிறீர்களே, அதுவே நல்லது என்றார். தேடாமல் இருப்பதும், தெரிந்த வேலையில் அடுத்தது என்ன என்று நிற்பதும், தெரிந்த ஊரில் வழி கேட்பதும், தனக்கு ஒன்றுமில்லை என்று சாதிப்பதும்தான் பார்க்க வேண்டியவை என்றார்.

சுலோசனா பக்கத்து நாற்காலியைக் காட்டி, பிரஷர் பார்க்கச் சொல்கிற மாதிரி, "அவருக்கும் சும்மா பாரும்மா. பாவம், கூட வந்துட்டு ஒக்காந்துகினே இருக்காரு" என்றார். டாக்டர் சுலோசனாவை ஒரு நொடி பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கன்னையாவின் பக்கம் நகர்த்தி, ஒரு கடிகாரம் வரையச் சொன்னார்.

வட்டம் அழகாக வந்தது. ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து எல்லா எண்களையும் வலதுபக்கத்திலேயே அடைத்தார். பன்னிரண்டு கீழே, ஆறு இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. இடதுபக்கம் முழுக்கக் காலி. "இது காலைல. சாயங்காலத்துக்கு எடம் வுட்டிருக்கேன்" என்றார் கன்னையா. சுலோசனா சத்தமாகச் சிரித்தார், அதுதான் அவர் வேலை. டாக்டர் சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று எழுதினார். சத்துக் குறைவு, தைராய்டு என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு, பார்த்துவிட்டு நோய்க்குப் பேர் வைக்கலாம், அதுவரை தனியாக வெளியூர் அனுப்பாதீர்கள் என்றார்.

கன்னையா முன்னால் எழுந்து போக, சுலோசனா கதவோரம் நின்று ஒன்றே ஒன்று கேட்டார். நடந்ததை நடக்கவில்லை என்று ஒருவர் மனசார நம்பிச் சத்தியம் பண்ணினால், சாமி கணக்கில் அது பொய்யா? "அது என் டிபார்ட்மென்ட் இல்லம்மா" என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ் வடமாலப்பேட்டை தாண்டும்போது சுலோசனா "சாவி" என்று கத்தினார். எந்தச் சாவி, எங்கே விட்டாய் என்று தெலுங்கில் பதறினார் கண்டக்டர். முன் சீட்டுப் பெண் குனிந்து காலடியில் தேட ஆரம்பித்தாள்.

"டாக்டரம்மா சொன்னாங்களே மூணு வார்த்த, அதுல நடுவுல இருந்தது" என்றார் சுலோசனா, புருஷன் பக்கம் திரும்பி.

"எந்த டாக்டரம்மா?" என்றார் கன்னையா.

ஜன்னலில் மாந்தோப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. "என்னிக்கோ, எங்கியோ கேட்டது. எனுக்குத்தான் நாள் மறந்து போச்சு" என்றார் சுலோசனா. கண்டக்டர் சிரித்தார்.

அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்ற சேதி கிரண்குமாருக்குத் திருப்தி தரவில்லை. நைனாவுக்கு ஸ்கேன் எதற்கு என்று புரியாமல், துணைக்குப் போனவருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள் என்று திருப்பதி ஆஸ்பத்திரிகளைப் பற்றி ஒரு வீடியோவை எல்லாருக்கும் அனுப்பினார்.

காணிப்பாக்கம் போகும் அன்று சாட்சியாக வந்தவர் யோகேஷின் தாய்மாமன் திருமலை. சத்தியங்களைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு ருசி உண்டு. புத்தூரிலிருந்து சித்தூர் வரும்வரை, பொய்ச் சத்தியம் பண்ணி யார் யாருக்குக் கைகால் விழுந்தது என்று ஊர் வாரியாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கன்னையாவும் தனக்குத் தெரிந்த இரண்டு பேரைச் சேர்த்துக் கொடுத்தார். பத்மினி ஜன்னலைவிட்டு முகம் திருப்பவில்லை. எங்கே போகிறோம் என்று கன்னையா கேட்டபோதெல்லாம் சுலோசனா காணிப்பாக்கம் என்றார். "நல்லதுதான், ரொம்ப நாளாச்சு" என்று அவரும் ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

குளக்கரையில் சுலோசனா தன் கடைசிச் சரக்கை எடுத்தார். நெற்றியில் அடித்துக்கொண்டு, மாற்று வேட்டி கொண்டுவர மறந்துவிட்டேன், ஈரத்தோடு வீட்டுக்கு எப்படித் திரும்புவது, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று நாலு படிக்குக் கேட்கும்படி சொன்னார். திருமலை கடைத்தெருவுக்கு ஓடி ஒரு புது வேட்டியும் துண்டும் வாங்கி வந்து படியில் வைத்தார். சத்தியத்துக்குத் தடை இருக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அப்படியே மேலே போய் வரிசையில் இடம் பிடிக்கிறேன் என்று நகர்ந்தார்.

கன்னையா படியிறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினார். எழுந்தார். தலையிலிருந்து நீர் ஒழுக, மார்போடு கைகளைக் கட்டிக்கொண்டு படியேறி வந்தவர் பாதியில் நின்றார். ஈர வேட்டியைப் பார்த்தார். எதிரே நின்ற இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்தார். முகங்கள் சிரிக்கும்படி இல்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாரு செத்துட்டாங்க?"

சுலோசனாவின் வாய் திறந்தது. வழக்கமாக அங்கே ஒரு வாக்கியம் தயாராக இருக்கும், நாலு பேருக்குக் கேட்கும்படி. இந்தத் தடவை அது வரவில்லை.

பத்மினி கன்னையாவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மோர் குடித்த ஆளை அந்த முகத்தில் தேடினார் போலும். பிறகு குனிந்து படியில் கிடந்த புதுத் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"யாரும் சாவலண்ணா. சாமி பாக்க வந்தோம். தலய தொவட்டு."

"அப்டியா. நல்லதுதான். ரொம்ப நாளாச்சு" என்று கன்னையா துவட்டிக்கொண்டு, வேட்டியை மாற்ற ஒதுங்கினார்.

எப்போதிலிருந்து என்று பத்மினி கேட்டார். "போன ஆடிப்பூரத்துலேருந்து" என்றார் சுலோசனா. முந்தானையைத் தேடவில்லை, நெற்றியைத் தட்டவில்லை. பத்மினி குளத்தைப் பார்த்துக்கொண்டே, எம் பொண்ணுக்கு நடந்தது நடந்ததுதான் அண்ணி, அதை நான் மறக்கமாட்டேன் என்றார். "இனிமே அவர எந்த வூட்டுக்கும் வாக்குச் சொல்ல வுடாத" என்றார். சுலோசனா தலையாட்டினார். அதைக் கன்னையாவிடம் இனி தினம் தினம் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கும். தினம் தினம் அவர் புதிதாகக் கோபப்படுவார்.

மேலிருந்து திருமலை கையசைத்துக் கூப்பிட்டார். சத்தியம் வேண்டாம், பேசித் தீர்த்துக்கொண்டோம் என்றார் பத்மினி. என்ன பேசினீர்கள், யார் பக்கம் தப்பு என்று திருமலை விடாமல் கேட்டார். பத்மினி தேங்காய் வாங்கப் போனார். இவ்வளவு தூரம் வந்து ஒரு சத்தியம் வீணாய்ப் போனதில் திருமலைக்கு வருத்தம். வேட்டி வாங்கியதை வேறு இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார்.

வந்தது வந்தாயிற்று என்று தரிசனத்துக்கு நின்றார்கள். அன்று கூட்டம். வரிசை முன்னும் பின்னும் தள்ளியது. புது வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி இருந்த கன்னையா, யாரோ தெரிந்த முகம் என்று பக்கத்து வரிசையை நோக்கி இரண்டு தடவை நழுவப் பார்த்தார். சுலோசனா தன் முந்தானை நுனியை எடுத்தார். அதில் ஏற்கெனவே ஒரு முடிச்சு இருந்தது, நாள்பட்டு இறுகிப்போனது. அதற்குப் பக்கத்திலேயே, கன்னையாவின் தோளில் கிடந்த புதுத்துண்டின் முனையைச் சேர்த்துக் கட்டினார்.

கன்னையா குனிந்து பார்த்துச் சிரித்தார். "எத்தினி பேருக்கு முடி போட்டு வச்சவன்டி நானு. எனுக்கே இன்னொரு தடவையா?"

"எனுக்கு மறதிங்க. ஒங்கள எங்கனா வுட்டுட்டுப் போயிடுவேன்" என்றார் சுலோசனா. இதை மட்டும் அவர் ஒருவருக்குக் கேட்கும்படி சொன்னார். சொல்லிவிட்டு, முடிச்சைப் பல்லால் கடித்து இன்னும் ஒரு இழுப்பு இழுத்து இறுக்கினார்.